கருவுற்றதை மறைக்க வைக்கும் ஆர்த்தோ தியேட்டர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.பி.பி.எஸ். வகுப்புகளில் மாணவிகள் நிறைந்திருக்க, ஆர்த்தோ எனப்படும் எலும்பியல் முதுநிலைப் படிப்பில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆர்வமில்லை என்று சொல்கிறார்கள். சேர்ந்த பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எலும்பில் கம்பியோ பிளேட்டோ பொருத்தும்போது அறுவை நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். கருவுற்றதைத் தெரிவித்த நாள்முதல் பிரசவம்வரை கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. தெரிவித்தால்தான் இந்தப் பாதுகாப்பு. தெரிவித்தாலோ தியேட்டரிலிருந்து எடுத்து ஓ.பி.யில் உட்கார வைத்துவிடுவார்கள், அறுவை செய்து பழகக் கேஸ் கிடைக்காது. அந்தப் பயத்தில் முதல் சில மாதங்கள் வாயே திறக்காதவர்கள் உண்டு. கருவின் உறுப்புகள் உருவாவது அந்த மாதங்களில்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. கருவுற்ற மருத்துவருக்கு, கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியான லெட் ஏப்ரனுக்கு உள்ளே, வயிற்றுப் பகுதியில், உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இரண்டாவதாக ஒன்று கொடுத்து, அளவை மாதாமாதம் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே குழாய் மேசைக்குக் கீழே இருக்கட்டும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது குழாய் இருக்கும் பக்கம் அவர் நிற்கக் கூடாது. தள்ளி நின்று தூரம் இரட்டிப்பானால் கதிர்வீச்சு ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். ஆர்த்ராஸ்கோப்பி (மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் சிகிச்சை), தசைநார்த் தையல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சி-ஆர்மே தேவையில்லை. அவற்றை அவருக்கு ஒதுக்கினால் படிப்பும் நிற்காது. ஏப்ரன் விஷயம் கர்ப்பிணிகளோடு முடிவதில்லை. ஆண்களின் அளவுக்கு வாங்கியது தொளதொளவென்று தொங்கி, அக்குள் பக்கம் இடைவெளி விழுகிறது. மார்பின் வெளிப்புறம் மறைவதே இல்லை. சிறிய அளவில், அக்குளையும் மூடுவதாக இன்னொரு ஏப்ரன் ஒவ்வொரு தியேட்டருக்கும் வேண்டும்.

அடுத்தது விடுப்பு. அனுமதித்த அளவுக்கு மேல் போகும் நாட்களைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் பயிற்சிக் காலத்தோடு கூட்டிவிடுகின்றன. பயிற்சி முழுமையாக வேண்டும் என்பதால் அது நியாயமே. அநியாயம் டியூட்டி சார்ட்டில் இருக்கிறது. விடுப்பில் போனவரின் இரவு டியூட்டி முழுவதும் அதே யூனிட்டின் மற்ற பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்) தலையில் விழுகிறது. 1992-ஆம் ஆண்டின் மத்திய ரெசிடென்சி திட்டம் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொன்ன வாரம் 48 மணி நேரம் ஏற்கெனவே காற்றில் பறக்கும் இடத்தில், இந்தச் சுமையும் சேர்ந்தால் எரிச்சல் அந்தப் பெண்மீதுதான் திரும்பும். "நம்ம யூனிட்டுக்கு லேடி பி.ஜி. வேண்டாம்" என்ற பேச்சு இங்குதான் பிறக்கிறது. விடுப்புக் காலம் முழுவதற்கும் தற்காலிக ரெசிடென்ட் மருத்துவர் ஒருவரை நியமிக்க டீனுக்கு அதிகாரமும் நிதியும் தர வேண்டும். நீட்டித்த மாதங்களுக்கும் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) தடையின்றி வர வேண்டும்.

கல்லூரிகளை மதிப்பிடும் ஆணையம், படுக்கைகளையும் பேராசிரியர்களையும் எண்ணுவதோடு டி.எல்.டி. பதிவேட்டையும் டியூட்டி சார்ட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

– எலும்பியல் மருத்துவர், மதுரை