முகாம் படிவம் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியில் கோப்பை வந்திருக்கிறது, அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், முண்டந்துறை இயற்கை முகாம். மலை அணில் பார்த்த கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். சொல்லாத கதை ஒன்று உண்டு.

முதல் நாள் இரவு 9.30 மணிக்கு ஒரு பிள்ளைக்கு இளைப்பு வந்துவிட்டது. படுக்க முடியாமல், முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியை, பெற்றோர் நிரப்பிக் கொடுத்த முகாம் படிவத்தைப் புரட்டினால் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடு, பக்கத்தில் ‘இல்லை’. “இன்ஹேலர் வீட்ல பிரிட்ஜ் மேல இருக்கு டீச்சர். சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க” என்றாளாம்.

முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். இருட்டிய பிறகு நினைத்தபடி வண்டி எடுக்க முடியாது, செல்போனும் அங்கே எடுக்கவில்லை. வனக்காவலர் வாக்கி-டாக்கியில் சொல்லி, பாபநாசம் செக்போஸ்ட்டைத் திறக்கவைத்து, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே போன் வந்தது. பிள்ளை இப்போது நலம்.

உங்கள் மனது எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளை ஆசைப்படுகிறாள், நோய் என்று எழுதினால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். ஆனால் இளைப்பு இருக்கிறது என்று எழுதிய யாரையும் நாங்கள் விட்டுவிட்டுப் போனதில்லை. பழைய படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு அப்பாக்களின் கையெழுத்து ஒரே பச்சை ஜெல் பேனாவில் இருக்கிறது!

இனி பெற்றோர் நேரில் வந்து வகுப்பாசிரியர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். மறைத்தது தெரிந்தால் அந்தப் பிள்ளை வண்டியில் ஏற முடியாது. இதில் சிபாரிசு வேண்டாம்.

“ஆத்தங்கரைப் பிள்ளையை ஆத்துல இறங்கவிடலையே” என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். மேலே அணையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால், மழையே இல்லாமல் கீழே ஆறு ஏறும். நீச்சல் தெரிந்தவனுக்கும் அதே ஆறுதான்.

மழைக்காலம் முடிந்து பிப்ரவரியில் அடுத்த முகாம். புதுப் படிவம் திங்கட்கிழமை டைரியில் வரும். இந்த முறை ஓர் அம்மா சாக்லேட் டப்பாவில் மாத்திரையும், எப்போது கொடுக்க வேண்டும் என்ற சீட்டும் வைத்து அனுப்பியிருந்தார். அவருக்கும், அன்றிரவு போன் அடித்ததும் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அப்பாக்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்