என் மகனை மறுபடி கோலில் நிற்கவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் மகனுக்கு வயது 11. கிளாஸ்கோவில் சிறுவர் அணி ஒன்றின் கோல்கீப்பர். போன மாதம் ஓர் ஆட்டத்தில் இவன் முன்னேறி நிற்பதைப் பார்த்து, எதிரணிப் பையன் நடுக்கோட்டுப் பக்கமிருந்தே தூக்கி அடித்தான். பந்து இவன் தலைக்கு மேலே பறந்து வலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் வீசிய கையுறையை இரண்டு வாரம் தொடவேயில்லை.

கோச் ஐயா, நீங்கள் வீடு தேடி வந்தீர்கள். அறிவுரை எதுவும் சொல்லாமல் போனில் ஒரு வீடியோவைப் போட்டீர்கள். 2021 ஜூன் 14, யூரோ கோப்பை, இங்கே கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானம். செக் வீரர் பாட்ரிக் ஷிக் சுமார் 45 மீட்டர் தூரத்திலிருந்து அடித்த பந்தைத் துரத்தி ஓடி, வலைக்குள் சிக்கிக் கிடக்கிறார் ஸ்காட்லாந்தின் கோல்கீப்பர் டேவிட் மார்ஷல். என் மகன் அதை நான்கு முறை பார்த்தான். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான். நான்கே நாளில் வெம்பிளியில் இங்கிலாந்துக்கு எதிராக அதே மார்ஷல்தான் நின்றார், ஒரு கோல்கூட விடவில்லை என்றீர்கள். அந்த வீடியோவை வைத்து இன்னமும் அவரைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. தன் அணி தாக்கும்போது கோல்கீப்பர் முன்னேறி நிற்கத்தான் வேண்டும்.

கீழ்வீட்டுத் தாத்தா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! நம்மூர் செல்டிக் அணியின் ஆட்டங்களிலேயே வாழ்க்கையைக் கழித்தவர் நீங்கள். சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாவையும் உப்பு ஜாடியையும் கோல் கம்பங்களாக வைத்து 2004 மார்ச்சை அவனுக்கு நடத்திக் காட்டினீர்கள். பார்சிலோனாவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் செல்டிக் கோல்கீப்பர் ராப் டக்ளஸுக்குச் சிவப்பு அட்டை. உள்ளே வந்தவர் 19 வயது மார்ஷல். செல்டிக் 1-0 என்று வென்றது. அடுத்த ஆட்டம் பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில், 0-0. உங்கள் கரண்டி எத்தனை முறை பாய்ந்து தடுத்ததோ! மறு வருடம் பிராட்டிஸ்லாவாவில் அவர் ஐந்து கோல் விட்டதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அதன் பிறகு நாரிச், கார்டிஃப், ஹல், விகன், டெர்பி என்று ஊர் ஊராக நின்று, 2022-இல் ஸ்காட்லாந்தின் ஹிபர்னியன் அணிக்கு வந்து, 2024-இல் ஓய்வு பெற்றார். நாட்டுக்காக 47 ஆட்டங்கள்.

கையுறை ஈரத்தில் கெட்டுப்போனது தெரிந்ததும் தன் மகனுடையதைக் கொடுத்தனுப்பிய அம்மாவுக்கும் நன்றி. சரியாகப் பொருந்துகிறது.

மார்ஷலைப் பற்றி இன்னொன்று. 2020 நவம்பர் 12, பெல்கிரேடு. ஆளில்லாத மைதானம். செர்பிய வீரர் மித்ரோவிச்சின் பெனால்டியைத் தடுத்து, 22 வருடத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்து ஆண்கள் அணியைப் பெரிய போட்டிக்குக் கூட்டிப்போன மார்ஷல் உடனே துள்ளவில்லை. தன் கால் கோல் கோட்டில் இருந்ததா, தடுத்தது செல்லுமா என்று நடுவரைப் பார்த்தார்.

சென்ற வியாழன் பயிற்சியில் என் மகன் ஒரு பெனால்டியைத் தடுத்தான். பசங்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவனோ கோச்சைத் திரும்பிப் பார்த்து, தன் காலைக் காட்டி, "கோட்டில் இருந்ததா?" என்று கேட்டான்.