‘பாதுகாப்பாக’ என்ற அந்த ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்கில் நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை நூலகத்தில் படித்தேன். ‘போர்முனைக்குப் பின்னால் பாதுகாப்பாக இருந்து பணிவிடை செய்த நர்சுகள்’ என்று ஒரு வரி. முழுப் பக்கத்தையும் படித்து முடித்த பிறகும் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

1971 டிசம்பரில் பஞ்சாப் எல்லையில் காலில் குண்டுச் சிதறல் பாய்ந்து ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான். எடை கட்டித் தொங்கவிட்ட கால், கையில் டிரிப். ஒரு ராத்திரி விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. நடக்க முடிந்தவர்கள் பதுங்குகுழிக்குப் போய்விட்டார்கள். என்னைப் போல நாலு பேர் கட்டிலிலேயே கிடந்தோம். கூட ஒரு சிஸ்டர், கோட்டயத்துப் பெண், இருபத்துமூன்று வயசுதான் இருக்கும். “நீங்க போங்க சிஸ்டர்” என்றேன். பதிலே இல்லை. எங்கோ குண்டு விழுந்து ஜன்னல் அதிர்ந்ததில் டிரிப் ஸ்டாண்டு ஆடியது. அந்தக் காலத்தில் கண்ணாடி பாட்டில். அதைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, இருட்டில் என் கட்டிலை ஒட்டி நின்றார். ஆபத்து நீங்கியதென்று மறுபடி சங்கு ஊதும்வரை கையை இறக்கவில்லை. இதுவா ஐயா பாதுகாப்பு?

உங்களுக்குத் தெரியாததில்லை. 1942 பிப்ரவரியில், இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் பங்கா தீவில் ஆஸ்திரேலிய நர்சுகளைக் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து சுட்டார்கள் ஜப்பானியர். 21 பேர் செத்தார்கள், ஒருவர்தான் பிழைத்தார். 1944 பிப்ரவரி 12 அன்று கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெதிவ் இஸ்மாயில் என்ற பிரிட்டிஷ் துருப்புக் கப்பலை மாலத்தீவு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இறந்தவர்கள் சுமார் 1,300 பேர், அதில் நர்சுகள் எத்தனையோ பேர். எங்கள் ஊர்க் கடலுக்குள் நவகிரகக் கற்கள் நிற்கும் நவபாஷாணத்துக்கு, தர்ப்பணம் கொடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்தப் பெண்களை நினைக்க இந்தக் கரையில் ஓர் ஆள் இல்லை.

அப்புறம், கல்யாணம் செய்துகொண்டால் ராணுவ நர்ஸ் வேலை போய்விடும் என்று 1977இல் ஓர் உத்தரவு. 1995இல்தான் அதை எடுத்தார்கள். அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

வீரர்கள் பெயருக்கு முன்னால் சுபேதார், ஹவில்தார் என்று போட்டிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் நீங்கள் போட்ட ராணுவ நர்ஸ் அம்மாவின் படத்தின் கீழே வெறும் ‘நர்ஸ்’. லெப்டினன்டாகவே பணியில் சேர்கிறவர்கள் அவர்கள், என்னைப் போன்ற சிப்பாய்க்கு மேலதிகாரிகள். இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதையே எழுதினேன், நீங்கள் போடவில்லை. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும்.

அடுத்த இதழில் ‘பாதுகாப்பாக’ என்பதை நீக்கி, அந்த அம்மாவின் பதவியைக் கேட்டறிந்து சேர்த்து, ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மூலையில் நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாயக்,
தேவிபட்டினம்