டெலவேர் ஆற்றுப் பாலத்தில் காலாவதியாகும் உரிமம்: அமெரிக்க செனட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒரு மாநிலம் தந்த துப்பாக்கி உரிமத்தை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும், அதாவது பரஸ்பர அங்கீகாரம் வேண்டும் என்று சொல்லும் மசோதா ஒன்று உங்கள் சபையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல். பென்சில்வேனியாவில் சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, அன்றைய வசூலோடு தனியாகக் காருக்கு நடக்க வேண்டும். அதனால் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். அதை வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள மாநில உரிமமும் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். மாரிஸ்வில் ஊருக்குள் வந்து, மாநில எல்லையான டெலவேர் ஆற்றுப் பாலத்தில் 'ட்ரென்டன் மேக்ஸ், தி வேர்ல்ட் டேக்ஸ்' என்ற அந்தப் பெரிய எழுத்துகள் கண்ணில் பட்டபோதுதான் எனக்குச் சுரீரென்றது. முந்தைய இரவு கழற்றி இரு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள பெட்டியில் போட்ட துப்பாக்கி இன்னும் அங்கேயே கிடந்தது. தோட்டாவோடு. பின்னால் இரண்டு பிள்ளைகள். வண்டியைத் திருப்பினேன். வீடு வந்து சேரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

பாலத்தைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு இளம் தாய், என்னைப் போலவே பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்தவர், அட்லாண்டிக் சிட்டி போகும் நெடுஞ்சாலையில் சாதாரணப் போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்தப்பட்டார். கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ உரிமம். உண்மையைச் சொன்னதற்குக் கைவிலங்கு. அந்த மாநிலச் சட்டப்படி குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை என்ற நிலைமை. ஊர் முழுக்கப் பேச்சான பிறகுதான் வழக்கின் இறுக்கம் தளர்ந்தது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி பொதுமன்னிப்பு தந்தார். ஆளுநரின் காதுக்கு எட்டாதவர்கள் எத்தனை பேரோ.

1986இல் நீங்கள் போட்ட பயணப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தோட்டாவைக் கழற்றி, எட்டாத இடத்தில் வைத்து, துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி செல்லும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில் மட்டும். யூட்டாவிலிருந்து நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையம் வழியாக எங்கள் ஆலன்டவுனுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் 2005இல் இணைப்புப் பயணத்தைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு இரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் முறைப்படி துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், கைது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் தன்னைக் கைது செய்தது தவறு என்று அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனபோது, இரவில் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் காப்பாற்றாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விமானம் தாமதமானால் சட்டமும் கைவிட்டுவிடும் போலிருக்கிறது.

எனவே பரஸ்பர அங்கீகாரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. என் வீட்டிலிருந்து மேற்கே ஒஹையோவுக்குப் போனால் உரிமமே கேட்பதில்லை; கிழக்கே அரை மணி நேரம் போனால் சிறை. மாநிலங்களே தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாலும் அது நிலையாக நிற்பதில்லை. 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஒரே அறிவிப்பில் 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்பதில்லை என்றார். அது அமலுக்கு வருமுன்னே, அடுத்த மாதமே, ஆளுநரும் சட்டமன்றக் குடியரசுக் கட்சியினரும் வேறொரு பேரம் பேசி அதை மாற்றிவிட்டார்கள். இப்படி மாறும் பட்டியலை நம்பி ஒருவன் காரை எடுக்க முடியுமா?

சரி, இப்போது முதலில் சொன்ன மசோதாவுக்கு வருகிறேன். வட கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன் கொண்டுவரும் இது புதிதல்ல. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231க்கு 198 என்று தேறி, உங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. 2025இல் அதே எச்.ஆர். 38 என்ற எண்ணோடு மறுபடி பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவைத் தாண்டியது. உங்களில் பலருக்கு இதற்கு முன்பே பழக்கமான விஷயம்தான்: 2009இல் செனட்டர் ஜான் தூன் இதே கருத்தில் கொண்டுவந்த திருத்தத்துக்கு 58 வாக்குகள் கிடைத்தன, தேவைப்பட்டது 60. 2013இல் செனட்டர் ஜான் கார்னின் முயன்றார், 57 வாக்குகள். அன்று இரண்டு வாக்கில் தோற்ற தூன் இன்று உங்கள் பெரும்பான்மைத் தலைவர்.

மசோதாவை ஆதரிப்பவர்கள் எப்போதும் சொல்லும் உதாரணம் டிரைவிங் லைசென்ஸ். பென்சில்வேனியா லைசென்ஸை வைத்துக் கலிபோர்னியாவில் கார் ஓட்டலாம், துப்பாக்கிக்கு மட்டும் ஏன் கூடாது? கேட்க நன்றாக இருக்கிறது. என்னிடம் இரண்டும் இருப்பதால் இரண்டையும் எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன்.

டிரைவிங் லைசென்ஸுக்குப் புத்தகம் படித்து எழுத்துத் தேர்வு எழுதினேன். அப்புறம் சாலைத் தேர்வு. இங்கே முதலில் பேரலல் பார்க்கிங்தான், அதில் தேறினால்தான் சாலைக்கே விடுவார்கள். மதுரைத் தெருக்களில் வண்டி ஓட்டி வளர்ந்த நான் அதில் இரண்டு முறை தோற்றேன். துப்பாக்கி உரிமத்துக்கு ஷெரிஃப் அலுவலகத்தில் படிவம் கொடுத்தேன், பின்னணிச் சோதனை நடந்தது, 20 டாலர் கட்டினேன். ஐந்து ஆண்டுக்குச் செல்லும் அட்டை கைக்கு வந்தது. இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டிருக்கிறாயா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. பென்சில்வேனியாவில் பயிற்சி கட்டாயமில்லை. தோட்டாவோடு துப்பாக்கியைக் காரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது என்பது பயிற்சி வகுப்பின் முதல் நாள் பாடம். நான் அந்த வகுப்பில் சேர்ந்தது பாலத்தடியில் வண்டியைத் திருப்பிய பிறகு.

அந்த அட்டையாவது பரவாயில்லை. இன்று 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லை. வெர்மான்ட் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. புளோரிடா 2023இல் அந்த வரிசையில் சேர்ந்தது. உங்கள் மசோதாவின்படி, சொந்த மாநிலத்தில் உரிமமின்றி எடுத்துச் செல்லத் தகுதி உள்ளவரும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நியூயார்க் நகரத்துக்குள் வரலாம். அதே நியூயார்க்கில் வசிப்பவர் உரிமம் வாங்க 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் முடித்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரனுக்கு ஒரு சட்டம், விருந்தாளிக்கு அதைவிடத் தளர்வான சட்டம் என்றால் அந்த ஊர்க்காரர்கள் எப்படி ஒப்புவார்கள்?

இதைத் தீர்க்க நீங்கள் புதிதாக மூளையைக் கசக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இரண்டு முறை செய்திருக்கிறீர்கள். லாரி ஓட்டுநர்கள் நாலு மாநிலத்தில் நாலு லைசென்ஸ் வைத்துக்கொண்டு, ஒன்றில் பிடிபட்டால் இன்னொன்றைக் காட்டித் தப்பிக்கொண்டிருந்தார்கள். 1986இல் நாடாளுமன்றம் குறைந்தபட்சத் தேர்வுத் தரத்தை வகுத்தது. ஓட்டுநருக்கு ஒரே லைசென்ஸ்தான் என்றது. அதைக் கொடுப்பது இன்றும் மாநிலம்தான், செல்வது நாடு முழுவதும். 2004இல் காவலர்களுக்கு எந்த மாநிலத்திலும் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை தந்தீர்கள். அதிலும் ஓய்வுபெற்ற காவலர் ஆண்டுக்கு ஒரு முறை சுடும் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இருபது வருஷம் துப்பாக்கியோடு வேலை பார்த்தவருக்குத் தேர்வு, மளிகைக்கடைக்காரனான எனக்கு ஒன்றுமில்லை!

நான் ஹெச்-1பி விசாவில் இருந்த காலத்தில், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். நண்பன் சுடுதளத்துக்குக் கூப்பிட்டான், வேடிக்கை பார்க்கக்கூடப் பயந்துகொண்டு போகவில்லை. அந்தத் தடைக்கு மாநில எல்லை கிடையாது. யார் வைத்திருக்கக் கூடாது என்று நாடு முழுக்க ஒரே விதி போட முடிந்த உங்களால், யார் எடுத்துச் செல்லலாம் என்பதற்கும் ஒரு பொதுத் தகுதி வகுக்க முடியும்.

எதிர்த்து வாக்களிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூனில் புரூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிக்காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய விதியை 6க்கு 3 என்று அடித்துவிட்டது. வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்றாகிவிட்ட பிறகு, அந்த உரிமை ஆற்றின் நடுவில் மறைந்துவிடும் என்று எவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்? வெளிமாநிலத்தவனும் விண்ணப்பிக்கலாம் என்று நியூ ஜெர்சி சொல்கிறது. கட்டணம் 200 டாலர், உறவினர் அல்லாத நாலு பேரின் சிபாரிசு, இரண்டு ஆண்டு கழித்து மறுபடி முதலிலிருந்து. மாதம் ஒரு முறை கோயிலுக்கும் இட்லி அரிசிக்கும் போகிறவன் இதைச் செய்வானா?

நான் கேட்பது இவ்வளவுதான். வகுப்பு, சுடும் தேர்வு, பின்னணிச் சோதனை என்று ஒரு குறைந்தபட்சத் தரத்தைச் சட்டத்தில் எழுதுங்கள். சாலையில் நிறுத்தும் காவலர் அந்த உரிமம் உண்மையானதுதானா என்று அந்த இடத்திலேயே பார்க்க ஒரு வழி செய்யுங்கள். இப்போது மாநில உரிமங்களுக்குத் தேசியப் பட்டியல் கிடையாது. அந்தத் தரத்தை எட்டிய உரிமத்தை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்று சொல்லுங்கள். எட்டாத உரிமம் சொந்த மாநிலத்தோடு நிற்கட்டும், என்னுடையது உட்பட. எங்கே எடுத்துச் செல்லக்கூடாது என்பதை அந்தந்த ஊர்ச் சட்டம் சொல்லட்டும். நேர்மையாகச் சொல்லி மாட்டிக்கொள்ளும் பயணிக்குச் சிறைக்குப் பதில் அபராதம் போதும்.

அதுவரைக்கும் நாங்கள் எங்கள் ஏற்பாட்டில் இருக்கிறோம். புரட்டாசி சனிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும் முன் துப்பாக்கி அலமாரிப் பெட்டிக்குள் போய்விடும். மனைவி காரின் நடுப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாவியை என் கையில் தருவாள்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு கடைக்காரன்