பத்து நாள் பட்டியல்

கொக்குவில்

அன்புள்ள தம்பிக்கு,

லண்டனுக்கு வர எங்களுக்கு விசா வந்துவிட்டது. அம்மா நல்லூரில் அருச்சனையும் செய்துவிட்டா. கொடியேறுமுன் திரும்பிவிட வேண்டும் என்பதை மறக்காதே.

நீ அனுப்பிய பத்து நாள் பட்டியலைச் சந்திக் கடையில் அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவது. பள்ளிக்கூடத்தில் நான் போட்ட நேரசூசியைவிட வடிவாக இருக்கிறது. உன் ஒழுங்கைப் பற்றிச் சொல்லி, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறேன்.

ஆனால் இவ்வளவு காசு எதற்கு? லண்டன் ஐ வேண்டாம். பெரியம்மா வீட்டு மாடிப்படியிலேயே தலைசுற்றுகிற அம்மாவை 135 மீற்றருக்கு ஏற்றி என்ன செய்யப் போகிறாய்? பிக் பென்னைத் தெருவில் நின்று பார்த்தால் போதும். (பிக் பென் என்பது மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012இல்தான் எலிசபெத் கோபுரம் என்று பெயர் வைத்தார்கள். வாத்தியார் புத்தி போகாது.) லண்டன் கோபுரத்தில் கோஹினூரைப் பார்க்க அம்மாவுக்கு ஆசை, அது இருக்கட்டும். பிரித்தானிய நூதனசாலைக்கு நுழைவுக் காசு இல்லை, அதை இரண்டு நாளாக்கு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எடுத்த, பௌத்தர்களின் தாரா தேவி சிலை அங்கே நிற்கிறது. இலங்கையின் முன்னாள் ஆளுநர் பிரவுண்ரிக் 1830இல் கொடுத்தது. எங்கள் கரையில் கிடந்தவளைப் பார்க்க அவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது.

கிரீன்விச்சை மட்டும் வெட்டாதே. முப்பது வருடம் கரும்பலகையில் கீறிய பூச்சியப் பாகைக் கோடு. நாங்கள் இருப்பது அதற்கு ஏறக்குறைய 80 பாகை கிழக்கே. ஒரு காலை அந்தப் பக்கம், ஒரு காலை இந்தப் பக்கம் வைத்து ஒரு படம் எடுத்துத் தா. மற்றதற்கெல்லாம் காசை வீணாக்காதே.

பட்டியலை இரண்டு தரம் பார்த்தேன். உன் வீட்டைக் காணவில்லை. நகரத்துக்குள் விடுதியில் அறை போட்டால் சுற்றிப் பார்க்க வசதி என்கிறாய். சரி, வசதிதான். பொங்கலுக்குப் பிறகு நீ காருக்குள் இருந்துதான் கதைக்கிறாய். மருமகள் எங்கே என்று அம்மா கேட்டால் வேலை என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையுமா? நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பப்பா தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானை ஆட்டம் பார்த்த கதை உனக்குத் தெரியும். மிச்சத்தை நான் சொல்லவில்லை. 1976இல் அது. கொழும்பில் எனக்கு வேலை போய் நாற்பது நாள். மேலாளரோடு வாய்காட்டினேன், பிழை என்னுடையதுதான். அறையையும் விட்டு, இன்னொருவனுடைய அறையில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தேன். வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் இரவு மெயிலில் வந்திறங்கினார், கடகத்தில் கறுத்தக்கொழும்பானும் பனங்கட்டியுமாக. கோட்டை ஸ்டேசனிலிருந்தே ஊர் சுற்றக் கூட்டிப்போனேன். காலிமுகத்திடல், 1877இல் திறந்த நூதனசாலை, பிறகு தெகிவளை. வாய் ஓயாமல் விளக்கம் வேறு. இரவில் வெள்ளவத்தையில் மாமா வீட்டில் விட்டேன். "உன்ர அறையைக் காட்டன் தம்பி" என்றார். வெள்ளை அடிக்கிறார்கள் என்றேன். மூன்று நாளும் வெள்ளை அடித்தார்கள். யானை ஆடியபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெயில் வெளிக்கிட்ட பிறகு சட்டைப் பைக்குள் கை விட்டேன். ஐம்பது ரூபா. எப்போது வைத்தாரோ தெரியாது. அவர் சாகும்வரை நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவரும்தான்.

முதல் நாளுக்கு ஒன்றும் எழுதாதே, வெறுமையாக விடு. விடுதியை வேண்டாமென்றால் காசு திருப்பித் தருவார்களா என்று விசாரி. எங்களுக்குப் பாய் போதும், தம்பி. இடம் எப்படி இருந்தாலும் போதும்.

அம்மா வெள்ளிக்கிழமை மிளகாய்த்தூள் இடிப்பிக்கிறா. எத்தனை பேருக்கு என்று கேட்கிறா. கெதியாக எழுது.

அன்புடன்,
அப்பா