விளிம்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பு மக்ளே

மக்ளே, சாப்டியா. நைட் டூட்டி முடிஞ்சி வந்து தூங்கியிருப்ப, எந்திச்சப்புறம் பைய படி, நீளமா இருக்குன்னு விட்டுராத. பேசி அனுப்பலாம்னு பாத்தா இந்த போன்ல வெள்ளி உருக்குற மூசைன்னு சொன்னா மீசைன்னு எழுதுது, அதனால ஒத்த வெரலால குத்திக்கிட்டு இருக்கேன், இன்னையோட ரெண்டு நாளாச்சு.

நீ அனுப்புன காசு போட்டோவ பாத்தேன். அம்மைக்கும் காட்டுனேன், "கைய பாத்தியளா, எப்படி மெலிஞ்சிருக்கான்"ன்னுதான் சொன்னா, காச அவ பாக்கவே இல்ல. நான் காச மட்டுந்தான் பாத்தேன். முன்பக்கம் ரோமாபுரி டைபீரியஸ் ராஜா தலை, பின்பக்கம் நாற்காலியில உக்காந்த ஒரு அம்மா, ஒரு கையில கோலு ஒரு கையில கொப்பு. இராயனுடையதை இராயனுக்குன்னு இயேசு சொன்ன காசு இதுதான்னும் மருமவளுக்கு குடுக்க வாங்கினேன்னும் எழுதியிருந்த. நல்ல காரியம். குடுத்தாச்சா? அவ என்ன சொன்னா? அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வெலை எவ்வளவுன்னு நீ சொல்லல, நானும் கேக்கல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நம்ம ஹிஸ்டரி சார வீட்ல போயி பாத்தேன், ரிட்டயர் ஆகி சும்மாதான் இருக்காரு. எந்த ராஜா காசுன்னு பைபிள்ல பேர் போட்டு இல்ல, ஆனா அந்த நேரத்துல ஆண்டது டைபீரியஸ், கிபி 14ல இருந்து 37 வரைக்கும், அதனால இதுதான்னு ஆளுங்க வச்சிக்கிட்டாங்க, அவ்வளவுதான்னாரு. அதுலதான் இந்த காசுக்கு இத்தன கிராக்கி, கிராக்கி இருக்க எடத்துல கள்ளக்காசும் கூடவே வரும். கோயம்புத்தூர், கரூர் பக்கமெல்லாம் பானை பானையா கெடைச்சதுல பாதிக்கு மேல அகஸ்டஸும் டைபீரியஸும்தானாம். ஒரு காலத்துல இங்க மொளகுக்கு குடுத்துட்டு போன காசு, இன்னைக்கு நீ அங்கேருந்து போன்ல வாங்குற.

முதல்ல எடை போடு. அடுக்களை தராசு ஆவாது, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு நம்பர் காட்டுற நகைத் தராசு வாங்கு, ஆன்லைன்ல சல்லிசா கெடைக்கும். இந்த காசு மூணரை கிராமுக்கு மேல, நாலுக்கு உள்ள இருக்கணும், தேஞ்சிருந்தா கொஞ்சம் கொறையும். குறுக்களவு பதினெட்டு பத்தொம்பது மில்லிமீட்டர், நம்ம ஒரு ரூவா அளவு கூட வராது. அப்புறம் நூல்ல கட்டி தண்ணியில தொங்கவிட்டு எடை எடு. வெளிய உள்ள எடைய, தண்ணிக்குள்ள எவ்வளவு கொறைஞ்சிதோ அதால வகுத்தா சுத்த வெள்ளிக்கு பத்தரை வரும், நல்ல டைபீரியஸ்ல வெள்ளி அதிகம், அதனால பத்துக்கு மேல நிக்கணும். ஒம்பதுக்கு பக்கமா வந்தா செம்பு, ஏழுன்னா வெள்ளீயம். காந்தத்துல ஒட்டிச்சின்னா அப்பவே தூக்கி போட்டுரு. எடை மட்டும் சரியா இருந்தாலும் நம்பிராத மக்ளே, வெள்ளியிலயே வார்த்தவன் கிட்ட எடையும் ஒத்துப்போவும்.

இதெல்லாம் ஒனக்கு நான் சொல்லணுமா? ஏழு வயசுல எனக்க பட்டறையில ஒக்காந்து, இது வார்ப்பு இது அடிச்சதுன்னு கண்ண மூடிட்டு தடவி சொன்னவன் நீ. வடசேரியில கோயில் நகை செய்த அத்தன பேரும் "ஒங்க பய கெட்டிக்காரன்"ன்னு சொல்லியிருக்காவ. அந்தக் கையி எங்க போச்சு? வெடிய வெடிய முழிச்சிட்டு காலையில அஞ்சு மணிக்கு படுத்துக்கிட்டு போன தேச்சா கண்ணுக்கு என்னத்த தெரியும்? ராத்திரி வாங்காத. தூங்கி எந்திச்சி வாங்கு.

ரோமாக்காரன் ரெண்டு அச்சுக்கு நடுவுல வெள்ளிப் பில்லைய வச்சி சம்மட்டியால அடிப்பான். அடிக்கும்போது வெள்ளி நடுவுல இருந்து விளிம்புக்கு ஓடும், அந்த ஓட்டம் லென்ஸ்ல கோடு கோடா தெரியும். விளிம்பு லேசா வெடிச்சிருக்கும், தலை ஒரு ஓரமா ஒதுங்கி இருக்கும், எழுத்து பாதி வெளிய போயிருக்கும். அதெல்லாம் கொறை இல்ல, அதுதான் அழகு. வார்த்த காசு அப்படி இல்ல. எழுத்து சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி இருக்கும், சமதரையில குண்டூசி குத்துன மாதிரி காத்துக் குமிழி, விளிம்பு சுத்தி ரெண்டு பாதி ஒட்டுன கோடு. கோட்ட அரம் போட்டு எடுத்துருவான், அரம் போட்ட தடம் இருக்கும்லா. ஆறும்போது வெள்ளி சுருங்கும், அதனால அசல விட ஒரு மயிரிழை சின்னதாவும் இருக்கும். இன்னொண்ணு, ரெண்டு ஆளு விக்கிற காசுல ஒரே எடத்துல ஒரே வெடிப்பு, ஒரே தேய்மானம் இருந்தா ரெண்டும் ஒரு தாயில இருந்து வார்த்தது. கையால அடிச்சதுல ரெட்டைப் பிள்ளை கெடையாது.

அந்தக் காலத்துலயே போலி உண்டு பாத்துக்கோ. செம்பு மேல மெல்லிசா வெள்ளித் தகடு போத்தி அடிச்சிருக்கான், அப்படி ஒண்ண சார் படத்துல காட்டுனாரு. ஓரம் பேந்த எடத்துல பச்சையா தெரியுது, என்ன வேலை தெரியுமா அது, ஒட்டு எங்கன்னே தெரியல. நானும்தான் நாப்பது வருசம் முலாம் போட்டேன்.

புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சியில 1898ல 501 ரோமாபுரி தங்கக்காசு கெடைச்சிது, அதுல முக்காவாசிக்கும் மேல ராஜா மூஞ்சியில உளி வெட்டு. எதுக்கு வெட்டுனாங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்களாம், எனக்கு தோணுறது நம்ம ஆளு வெட்டிப் பாத்து வாங்கியிருக்கான், இல்லன்னா இனி செல்லாதுன்னு காட்டியிருக்கான். அதுல உள்ள காசு இப்பம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. லெஸ்டர்ல இருந்து ரயில்தானே, ஒரு லீவு நாள் போயி பாரு, ரெண்டு பேருமா போங்க.

வாங்கித்தான் ஆவணும்னா கடைன்னு ஒண்ணு உள்ளவன்ட்ட வாங்கு. போலின்னு எப்பம் தெரிஞ்சாலும் பணத்த திருப்பித் தாறேன்னு எழுதிக் குடுக்கணும், இதுக்கு முன்ன எந்த ஏலத்துல யாரு கையில இருந்துச்சுன்னு பழைய கேட்டலாக்ல காட்டணும். மண்ணோட குவியலா நூறு காசு, கழுவிப் பாத்தா புதையல் கெடைக்கும்னு ஆசை காட்டுறத தொடாத. இங்க இருந்து எவனாவது கரூர் ஆத்துல எடுத்தது, கொரியர்ல போட்டுவிடுதேன்னு சொன்னாலும் வேண்டாம், நூறு வருசம் தாண்டின காச நாட்ட விட்டு கொண்டுபோவ 1972 பழம்பொருள் சட்டத்துல வழி இல்ல. எடை போட்டுட்டு சொல்லு. ராத்திரி வாங்காத.

இதெல்லாம் ஒனக்க அப்பனுக்கு சார் சொல்லித்தான் தெரியும்னு நெனைக்காத. நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது, வேலையே இல்லாத ஒரு ஆடி மாசம், கன்னியாகுமரி கடற்கரையில சங்கு பாசி விக்கிற ஒரு ஆளு இதே டைபீரியஸ் காசு ஒண்ணு கொண்டு வந்தான், இதே மாதிரி இருபத்தஞ்சு வேணும், அலங்காரத்துக்குன்னான். நான் எதுக்குன்னு கேக்கல. கணவாய் ஓட்ட ரெண்டா அறுத்து தேச்சி, காச நடுவுல வச்சி அமுக்கி, வாய் வெட்டி வெள்ளிய ஊத்தினேன். கந்தகமும் அவிச்ச தாறாமுட்டையும் போட்டு கறுக்க வச்சேன், மேட்ட மட்டும் சாம்பல் வச்சி தேச்சேன். அம்சமா வந்துச்சி. வெள்ளிக்கு முன்பணம் அவன் தரல. அம்மைக்க கொலுசத்தான் உருக்கினேன், பத்து தோலா. பாலிஷ் போட குடுத்த எடத்துல மாறிப் போச்சுன்னு அவகிட்ட சொன்னேன். செரின்னா. அப்புறமா புதுசு செஞ்சி குடுத்தேன், அது பீரோலதான் கெடக்கு, இன்னைக்கு வரைக்கும் கால்ல போட்டதில்ல.

அடுத்த வருசம் ஒரு வெள்ளக்காரரு, வயசானவரு, ஆட்டோக்காரன் கூட்டிட்டு வந்தான். கைக்குட்டைய விரிச்சி ஒரு காச எடுத்து குடுத்தாரு, மகளுக்கு கழுத்துல போட சுத்தி ஒரு சட்டம் கட்டித் தரணும்னாரு. எடுத்து விளிம்ப பாத்தேன், அந்த நாற்காலி காலுக்கு நேரா, நான் ஊத்துன வாய வெட்டின எடத்துல எனக்க அரைவட்ட அரம் ரெண்டு இழுப்பு. நான் ஒண்ணும் சொல்லல மக்ளே. ஒருமணி நேரம் ஒக்காந்து நல்லா சட்டம் கட்டிக் குடுத்தேன். அறுபது ரூவா கூலி சொன்னேன், நூறு தந்து மீதிய வச்சிக்கோன்னாரு. வச்சிக்கிட்டேன். அம்மைக்கு இது ஒண்ணும் தெரியாது, நீயும் சொல்லாத, இல்ல சொல்லு, எனக்கு தெரியல.

ஒனக்க போட்டோவுல அந்த எடம் பெருவெரலுக்கு அடியில மறைஞ்சி இருக்கு. தலைக்கு பக்கத்துல ரெண்டு குமிழி தெரியுது, எனக்கு அது போதும், ஆனாலும் விளிம்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வெயில் வெளிச்சத்துல எடு, அங்க வெயில் வந்தா.

இங்க மழை நல்லா இருக்கு, பழையாத்துல தண்ணி போவுது. அத்தைக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சிது. வேற ஒண்ணும் இல்ல.

அம்மை சொன்னதுக்கு அப்புறம் நானும் கைய பாத்தேன். ஆஸ்பத்திரில மோதிரம் போடக்கூடாதா இருக்கும், கையுறை கிழியும்லா. கல்யாணத்துக்கு நான் செய்ததுல அது ஒண்ணுதான் ஒட்டே இல்லாம இழுத்து அடிச்சது. மெலிஞ்சதுல லூசா இருந்தா ஊருக்கு வரும்போது கொண்டு வா, அளவு சரி பண்ணித் தாறேன். கையில இல்லன்னாலும் செரி, ஒனக்க வெரல் அளவு எனக்கு தெரியும், அவளுக்கதும் தெரியும். பட்டறைய இன்னும் பூட்டல.

அப்பா