பஞ்சில் வந்த நிறம்

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆம்ப்ளிஃபயரிலும் சரி, சிடி பிளேயரிலும் சரி, ஒரு கீறல் இல்லை. பொருளைக் கட்டி அனுப்புவதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். உள்ளே வைத்திருந்த சீட்டையும் படித்தேன். வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது, இடது பக்கம் திடீர் திடீரென்று காணாமல் போகிறது, சிடி தாண்டுகிறது, சில சமயம் தட்டே இல்லை என்று காட்டுகிறது, செட்டுக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய்.

வயது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியில் உள்ள ஆறு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியபோது, கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் என் சட்டையிலும் தலையணையிலும் இருந்த சிகரெட் வாசனை அது. விட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் பழைய நண்பனைக் கூட்டத்தில் பார்த்ததுபோல மூக்கு உடனே அடையாளம் கண்டுகொண்டது.

முதலில் என்னையேதான் சந்தேகப்பட்டேன். அந்த ஆம்ப்ளிஃபயர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்து, நான் ஊதியதையெல்லாம் வாங்கிக்கொண்டதுதான். ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் உன்னிடம் கொடுக்கும்போது அதைப் பிரித்து மூன்று நாள் உட்கார்ந்து துடைத்தது நினைவிருக்கிறதா? சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் ஒவ்வொரு இதழையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கடைசியில் விட்ட பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. நேற்று அதே இதழில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சை ஒருமுறை இழுத்தேன். அரக்கு நிறத்தில் வந்தது.

மெழுகுவத்தி ஏற்றினேன் என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதே. மெழுகுவத்தி விடுவது கரி. அது கறுப்பாக, உலர்ந்து இருக்கும். சமையலறைப் பிசுக்கும் மஞ்சளாகத்தான் ஒட்டும், ஆனால் அதற்கு இந்த வாசனை கிடையாது. ஆல்கஹால் பட்டதும் கரைந்து பழுப்பாக வழிகிற, முகர்ந்தால் தொண்டை கமறுகிற சமாச்சாரம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

விட்டுவிடு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் விட்டபோது எத்தனை முறை விட்டேன் என்பதை நீயே எண்ணியிருக்கிறாய். அதனால் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. செட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் எனக்கு அனுபவமும் உண்டு, குற்றமும் உண்டு.

ஆம்ப்ளிஃபயர் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது மூச்சு விடுகிறது. உள்ளே டிரான்சிஸ்டர்கள் சூடாகும்போது சூடான காற்று மேல் துளைகள் வழியாக எழும்பும். அந்த இடத்தை நிரப்ப அடியில் இருந்து அறைக்காற்று ஏறும். பாட்டு ஓடுகிற நேரமெல்லாம் இது நடக்கிறது. நீ சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டு மறந்துபோகும் சிகரெட்டை மிச்சம் வைக்காமல் பிடித்து முடிப்பது அதுதான். புகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறிய தார்த் துளிகள். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியதால் தரையில் விழாமல் மணிக்கணக்கில் மிதக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நானும் நம்பினேன். அடுத்த அறையில் இருந்த கேசட் டெக்கைத் திறந்து பார்த்தபிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

வெறும் தூசி ஒன்றும் பெரிய எதிரி இல்லை. ஊதினால் பறந்துவிடும். தார் முதலில் பசைபோலப் பூசிக்கொள்கிறது, பிறகு வரும் தூசியை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. உன் ஹீட் சிங்கில் இதழுக்கும் இதழுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோல ஒன்று படிந்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வருகிறது. சூட்டை வெளியேற்ற வேண்டிய இடத்தில் கம்பளி போர்த்தினால் என்ன ஆகும்? உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் மின்பகு கெபாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நல்லவேளை, எதுவும் உப்பவில்லை. டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்த வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கும் ஆசை உனக்கு இருப்பது தெரியும். அது இதைவிடச் சூடாகும், இதைவிட நன்றாகவே இழுக்கும்.

கரகரப்புக்கு வருகிறேன். வால்யூம் குமிழுக்குப் பின்னால் ஒரு கரித்தடம் இருக்கிறது, அதன்மேல் ஓர் உலோக விரல் வழுக்கிப் போகிறது. அந்த விரலுக்கும் தடத்துக்கும் நடுவே பிசின் போன்ற ஒரு படலம் வந்தால், தொடுவதும் விடுவதுமாக இருக்கும். அந்தத் தொடுவிடுதான் கரகர என்று கேட்கிறது. இடது பக்கம் காணாமல் போனதற்குக் காரணம் ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச். அதன் முனைகள் கறுத்துப் போயிருந்தன. புகை பிடிக்காத வீட்டிலும் பழைய செட்டுகளில் இந்த இரண்டும் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழுப் பழியும் உன்மேல் போடவில்லை. முக்கால் பழி போதும். குமிழுக்குக் காண்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பினேன். இப்போது பட்டுப்போல இருக்கிறது.

சிடி பிளேயர்தான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். 1982-ல் சிடி வந்தபோது தூசியும் கீறலும் இனித் தொல்லை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். தட்டைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை. தகவல் இருக்கும் அடுக்கு 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கிறது. லேசர் அந்த அடுக்கில்தான் குவிகிறது. தட்டின் மேற்பரப்பைக் கடக்கும்போது ஒளிக்கற்றை இன்னும் அகலமாகவே இருப்பதால், அங்கே ஒரு தூசி கிடந்தாலும் பெரிதாகக் கண்ணில் படாது. ஆனால் கீழே இருக்கும் அந்தச் சின்ன லென்ஸ் அப்படியில்லை. ஒளி போகும்போதும் அதன் வழியாகத்தான் போகிறது, மோதித் திரும்பும்போதும் அதன் வழியாகத்தான் வருகிறது. அதன்மேல் ஒரு படலம் இருந்தால் வரி இரண்டு முறை கட்ட வேண்டும். 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் போகும் தடத்தை மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தவன்போல அது தேடிக்கொண்டிருந்தது. நீ வீட்டில் எழுதிய தட்டுகள்தான் முதலில் தகராறு செய்திருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் வாங்கியவற்றைவிட அவை கொஞ்சம் குறைவாகவே ஒளியைத் திருப்பும்.

டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தேன். நீலமாக மினுங்க வேண்டிய லென்ஸ், தேன் பூசியதுபோல இருந்தது. அது மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் போயிற்று. பஞ்சைத் தொட்டுப் பிழிந்து, எடையே இல்லாமல் நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. நான்காவது பஞ்சில்தான் நிறம் நின்றது. பிறகு தட்டைப் போட்டதும் இரண்டு நொடியில் படித்துவிட்டது.

லென்ஸில் படலம் படிந்தால் பாட்டு மங்கும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே. சிடி ஒன்று பாடும், இல்லையென்றால் தடுக்கும். உண்மையிலேயே மங்குவது கேசட். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அதில் ஐந்து மைக்ரானுக்கும் குறைவான நீளத்தில் அடங்கிவிடும். நாடாவில் ஒலியை எழுதிப் படிக்கும் ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு மைக்ரான் அழுக்கு உட்கார்ந்தால் அந்த ஒலியில் 11 டெசிபல் போய்விடும். நீ சின்னப் பையனாக இருந்தபோது பதிவுசெய்த உன் குரல் ஏன் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது என்று ஒருநாள் கேட்டாய். நாடா பழசு என்றேன். நாடாவில் ஒரு குறையும் இல்லை. பதிவு செய்த அன்று ஹெட்டைத் துடைக்கவில்லை, வாயில் சிகரெட் வேறு இருந்தது. படியாமல் போன ஒலி இனி எந்த ஆல்கஹாலுக்கும் திரும்பாது. இதை உன்னிடம் இதற்குமுன் சொன்னதில்லை.

டர்ன்டேபிளை நீ அனுப்பவில்லை, ஆகவே அங்கேயே பார்த்துக்கொள். உறையிலிருந்து உருவும்போதே இசைத்தட்டில் நிலைமின்னேற்றம் ஏறிவிடும், மிதப்பதையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கும். பழைய குழாய் டிவியின் முகத்தைத் துடைத்தால் துணி பழுப்பாகுமே, அதே கதை. ஊசி முனையில் கறுப்பாக ஒரு குஞ்சம் கட்டியிருந்தால் பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழு. மாற்றி இழுத்தால் ஊசியின் தண்டு வளைந்துவிடும். மேல்மூடி அக்ரிலிக். அதில் ஆல்கஹால் படவே கூடாது, மயிரிழை விரிசல்கள் ஓடும். வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் போதும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தாத்தாவின் பழைய தட்டுகள் அரக்கு, அவை ஆல்கஹாலில் கரைந்தே போகும்.

ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி அலசிக்கொள்ளலாம். கீச்சு ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் பட்டுக் குமிழைத் தொடாதே. கூம்பின் விளிம்பில் இருக்கும் ஃபோம் உதிர்ந்தால் அதற்கு உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன், அது தானாகவே உதிரும் பொருள்.

ஆம்ப்ளிஃபயரின் மூடியை மட்டும் நீ கழற்றாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்னேற்றம் நிற்கும். நான் ஒரு ராத்திரி விட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைத்தேன்.

வாசனையை மட்டும் முழுதாக எடுக்க முடியவில்லை. அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் மெல்ல எழும்புகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுக்குள்ளும் அட்டைக் காப்புக்குள்ளும் போனதை எந்தப் பஞ்சால் எடுப்பது? பழைய செட் விற்பவர்கள் "புகை பிடிக்காத வீட்டில் இருந்தது" என்று தனியாகக் குறிப்பிடுவது இதனால்தான்.

உடம்பைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன். ஒரு வரி வாக்குத் தவறுகிறேன். பொருள்கள்மேல் ஒட்டிய நிகோட்டின் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக மாறுவதை 2010-ல் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சிகரெட்டை அணைத்தவுடன் விஷயம் முடிந்துவிடுவதில்லை. அவ்வளவுதான். இனி செட்.

பிடிப்பதென்றால் வெளியே போய்ப் பிடி, கதவைச் சாத்திவிட்டுப் போ. செட் இருக்கும் அறைக்குள் வேண்டாம். ஓடாத நேரத்தில், ஆறிய பிறகு, மேலே ஒரு துணியைப் போடு. அடுத்த ஆண்டு மறுபடி இங்கே அனுப்பு. நான் பஞ்சு விட்டுப் பார்ப்பேன், எழுதிக் கேட்க மாட்டேன்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மேசையில் கிடந்த பஞ்சுகளை அவள்தான் திரட்டினாள். என் காலத்துத் திரைச்சீலைகளை மாதாமாதம் துவைத்தவள் அல்லவா, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது உங்களுடையதா, அவனுடையதா?" என்றாள்.

என்னுடையது என்றேன்.

அன்புடன்,
அப்பா